பாலாற்றில் ஒரு ரன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாலாற்றைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையின் நடுவே நான்கு வரி வருகிறது. விருதம்பட்டுப் பக்கம் ஆற்றுக்குள்ளேயே பத்து வருஷம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் லீக் நடந்தது, எட்டு அணிகள் ஆடின, நீங்கள்தான் ஸ்கோர் எழுதினீர்கள், "குடியாத்தம் எப்போதும் கடைசி" என்று. அந்த நான்கு வரியை என் தாய்மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அந்தக் குடியாத்தம் அணியில் ஆடியவர். லுங்கித் தறி ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். சிரித்துவிட்டு, "கடைசிதான், அதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு மேட்ச் நாங்க தோக்கல. தோத்ததா எழுதிட்டாரு அந்த மனுஷன்" என்றார். எந்த வருஷம் என்று கேட்டேன். "மாடு திரும்ப உட்ட வருஷம்" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இருட்டில் மாமா பேட்டை லுங்கியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவது மட்டும் நினைவிருக்கிறது. அந்த லீக்கின் முழுக் கதையை எழுதுங்களேன். எந்தெந்த வருஷம் யார் ஜெயித்தார்கள்? ஏன் நின்றுபோனது? இப்போது எல்லோரும் செல்போனைத்தான் காரணம் சொல்கிறார்கள். அதோடு, மாமா சொல்கிற மேட்ச் எது?

என் பெயரைப் போட வேண்டாம். மாமா கோபித்துக்கொள்வார்.

— குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் எந்த மேட்ச்சைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் படித்ததும் பரணில் இருந்து பழைய ஸ்கோர் புத்தகத்தை இறக்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஜெயித்தவர்கள் கணக்கு. விருதம்பட்டு நான்கு முறை, சைதாப்பேட்டை மூன்று முறை (நம் வேலூர் சைதாப்பேட்டை, சென்னையில் இருப்பது இல்லை), மேல்விஷாரம் இரண்டு முறை. 2020-ல் யாரும் இல்லை. 2012-ல் ஆரம்பித்து 2022 வரை, நடுவில் 2021 நடக்கவில்லை, ஆக பத்து சீசன். கஸ்பா, சத்துவாச்சாரி, ஆம்பூர், பாகாயத்து ஆஸ்பத்திரிப் பையன்கள், குடியாத்தம், இவர்கள் யாரும் கப்பைத் தொட்டதில்லை. பட்டியல் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மாமாவும் சொல்லியிருக்க மாட்டார். லீக் வேண்டும் என்று முதலில் கேட்டவர்களே உங்கள் ஊர்க்காரர்கள்தான்.

அதற்கு முன்னால் இங்கே டோர்னமெண்ட்தான். இப்போதும் அப்படித்தான். பேனர் கட்டுவார்கள், முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு என்று போடுவார்கள், முப்பது நாற்பது அணி என்ட்ரி கட்டும். தோற்றால் வெளியே. 2011 கடைசியில் அப்படி ஒரு டோர்னமெண்ட்டுக்குக் குடியாத்தத்திலிருந்து பதினோரு பேர் நாலரை மணிக்கு எழுந்து, பள்ளிகொண்டா வழியாக முதல் பஸ் பிடித்து வந்து, முக்கால் மணி நேரத்தில் தோற்றார்கள். எட்டு மணிக்கெல்லாம் ஆற்றோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். அவர்களுடைய கேப்டன் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஜெயிச்சவன் மட்டுந்தான் திரும்ப ஆடணுமா? நல்லா ஆடத் தெரிஞ்சவனுக்கு நாலு மேட்ச்சு, தெரியாதவனுக்கு ஒண்ணு. இது இன்னா நியாயம்பா? தெரியாதவன் எப்போ கத்துக்கறது?"

அந்தக் கேள்விக்கு டீக்கடையில் யாரிடமும் பதில் இல்லை. அடுத்த தை மாதம் லீக் ஆரம்பித்தது. எட்டு அணி. ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒரு முறை ஆட வேண்டும். ஆக 28 மேட்ச். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று, பன்னிரண்டு ஓவர். பதினொரு மணிக்கு மேல் வேலூர் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, பங்குனி பிறந்துவிட்டால் பத்து மணிக்கே முடியாது. அப்படியானால் பதினான்கு ஞாயிறு. ஃபைனல் கிடையாது. புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்பவருக்குக் கப். ஃபைனல் இல்லாத லீக்கா என்று விருதம்பட்டுக்காரர்கள் முதல் வருஷம் முழுக்கச் சண்டை போட்டார்கள். பிறகு நான்கு முறை அவர்களே ஜெயித்ததால் பேச்சு நின்றுவிட்டது.

அட்டவணை போட்டது எட்டுத் தீப்பெட்டியை வைத்து. அதுவும் உங்கள் ஊர்த் தீப்பெட்டிதான். நான்கைக் கீழே, நான்கை மேலே வரிசையாக வைத்து, எதிரெதிராக இருப்பவர்கள் மோத வேண்டும். அடுத்த சுற்றுக்கு ஒரே ஒரு பெட்டியை அசையாமல் வைத்துவிட்டு மற்ற ஏழையும் வட்டமாக ஓரிடம் தள்ள வேண்டும். ஆறு முறை தள்ளினால் ஏழு சுற்றும் யாரும் யாரையும் விடாமல், யாரையும் இரண்டு முறை சந்திக்காமல் முடிந்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கேரம் கிளப்காரர். அசையாத பெட்டியாக யாரை வைப்பது என்பதில் போட்டி வந்தது. அதில் எந்த லாபமும் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் குடியாத்தத்தை வைத்தோம். பத்து வருஷமும் பட்டியலில் அவர்கள் அசையாததற்கு அதுதான் காரணம் என்று ஆம்பூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

மைதானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. வேலூரைப் பற்றிய பழைய கேலி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில், அரசனில்லா கோட்டை. 1981-ல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டதால் அதில் ஒன்று கழிந்தது. நீரில்லா ஆறு எங்களுக்கு இலவச மைதானம். மணலுக்குக் கீழே களி இருக்கிற இடமாகப் பார்த்து, வண்டல் கொட்டி, ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் ஊற்றி, பத்துப் பேர் வரிசையாக மிதித்துப் பிட்ச் போட்டோம். பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது. கிழக்கே மணல் லாரி போன பள்ளம், அதில் விழுந்தால் நான்கு. மேற்கே சீமைக் கருவேல முள். அதற்குள் போன பந்தை எடுக்கப் போய்ச் சட்டையைக் கிழித்துக்கொண்டவர்கள் ஏராளம். ஆகவே இரண்டாம் வாரமே ஒரு விதி வந்தது: பந்து முள்ளுக்குள் போனால் 'டூ டி'. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ரன். முள்ளின் ஓரத்திலேயே நின்றுவிட்டால் அது கணக்கில்லை, ஓடித்தான் எடுக்க வேண்டும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக் கொள்ளைத் திருவிழா அதே ஆற்றுக்குள் நடக்கும். தேர் வந்து, கூட்டம் வந்து, மறுவாரம் நாங்கள் போனால் இறைத்த தானியத்தைப் பொறுக்கிக்கொண்டு பிட்ச் முழுக்கப் புறாக்கள் இருக்கும். மிதித்துப் போட்ட பிட்ச்சை ஊரே சேர்ந்து மிதித்திருக்கும். உண்மையைச் சொன்னால் அதற்கப்புறம்தான் பந்து ஒழுங்காக எழும்பியது.

2013-ல் எனக்கு முதல் கெட்ட பெயர் வந்தது. கஸ்பாவும் சைதாப்பேட்டையும் ஒரே புள்ளி. ரன் ரேட், அதாவது ஓவருக்கு எத்தனை ரன் என்று பார்க்க வேண்டும். கஸ்பா ஒரு மேட்ச்சில் ஒன்பது ஓவரில் 54-க்கு ஆல் அவுட் ஆகியிருந்தார்கள். அவர்கள் கேப்டன் செல்போனில் 54-ஐ ஒன்பதால் வகுத்து ஆறு என்றார். ஆல் அவுட் ஆனால் ஆடிய ஓவரைப் பார்க்கக் கூடாது, ஆட வேண்டிய முழு ஓவரைத்தான் பார்க்க வேண்டும், அப்போது 54-ஐப் பன்னிரண்டால் வகுத்து நாலரைதான் என்றேன். எல்லா இடத்திலும் விதி அதுதான். இல்லாவிட்டால் வேகமாக அவுட் ஆகிறவனுக்கு நல்ல ரன் ரேட் வந்துவிடும். இதைப் புரியவைக்க இரண்டு மணி நேரம் ஆனது. கப் சைதாப்பேட்டைக்குப் போனது. கஸ்பாக்காரர்கள் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. "பேனா வெச்சிகினு கீறவன் சொல்றதுதான் சட்டம்" என்று ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

பேச்சு மறுபடி ஆரம்பித்தது ஒரு வங்காளப் பையனால். வேலூரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் எப்போதும் உண்டு. அங்கே கடைப் பலகைகளிலேயே வங்காள எழுத்தைப் பார்க்கலாம். 2014-ல் அப்பாவின் சிகிச்சைக்காக வந்திருந்த பையன் ஒருவன் ஞாயிறு காலையில் பாலத்தின் மேல் நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம் கீழே இறங்கி வந்தான். கஸ்பாவுக்கு அன்று ஆள் குறைவு. இடது கைச் சுழல். டென்னிஸ் பந்தை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்து வீசுவான். மணலில் விழுந்து அது போகிற திசை அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். மூன்று ஓவரில் நான்கு விக்கெட்.

எதிரணி ஒப்புக்கொள்ளவில்லை. வெளியூர் ஆள், அதுவும் ஆயிரத்தைநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து. டீக்கடையில் கூட்டம் போட்டோம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி பிறந்தது. வேலூரில் மூன்று வாரத்துக்கு மேல் வாடகை கொடுத்துத் தங்கியிருக்கிற எவரும் ஆடலாம், லாட்ஜ் ரசீதைக் காட்டினால் போதும். அந்தப் பையன் அடுத்த ஞாயிறு ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். மொத்தம் மூன்று மேட்ச் ஆடினான். நான்காவதற்கு வரவில்லை. அப்பாவுக்குக் குணமாகி ஊருக்குப் போனானா, வேறு மாதிரியா என்று யாருக்கும் தெரியாது. ரசீது இன்னும் ஸ்கோர் புத்தகத்துக்குள் இருக்கிறது.

அதே வருஷம் ஆடி மாதம் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பளு தூக்கும் பிரிவில் தங்கம் வாங்கினார். ஊரே கொண்டாடியது. விளைவு, சத்துவாச்சாரி அணியின் இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் பேட்டை வைத்துவிட்டுப் பளு தூக்கப் போய்விட்டார்கள். 2018-ல் கோல்டு கோஸ்டில் அவர் மறுபடி தங்கம் வாங்கியபோது இன்னொருவர் போனார். சத்துவாச்சாரி ஏன் கப் வாங்கவில்லை என்று கேட்டால் அந்த கேப்டன் இதைத்தான் சொல்வார். பாதி உண்மை இருக்கும்.

2015 கார்த்திகை மழையில் நீரில்லா ஆற்றில் நீர் வந்தது. பாலத்தின் மேல் ஊரே நின்று பார்த்தது. பூ தூவினார்கள், செல்பி எடுத்தார்கள். எங்கள் ஆட்களும் சந்தோஷமாகத்தான் பார்த்தார்கள். பிட்ச் அடியில் போனது பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்ததற்கு வேலூர்க்காரன் எப்படி வருத்தப்படுவான்? 2016 சீசன் பங்குனியில்தான் ஆரம்பித்தது, ஆனி வரை இழுத்தது, அதற்குள் நோன்பு வந்துவிட்டது.

நோன்பு பற்றியும் ஒரு வார்த்தை. சைதாப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் மூன்றிலும் முஸ்லிம் பையன்கள் அதிகம். 2012-ல் ரம்ஜான் மாதம் ஜூலைக் கடைசியில் பிறந்தது, எங்கள் அட்டவணைக்கு எட்டாத தூரத்தில். வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து 2019-ல் மே முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. அந்த வருஷம் பாக்கி இருந்த இரண்டு மேட்ச்சுகளைச் சஹர் (விடியலுக்கு முந்தைய நோன்புச் சாப்பாடு) முடித்துத் தூங்காமல் நேராக ஆற்றுக்கு வந்து ஆடினார்கள். ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் பன்னிரண்டு ஓவர் ஃபீல்டிங், அக்னி நட்சத்திரத்தில். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள், குடிக்க மாட்டார்கள். நான் என் பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர்கள் கண்ணில் படாமல் பாலத்துத் தூணுக்குப் பின்னால் போய்க் குடித்தேன். அதைக் கவனித்த மேல்விஷாரத்து பாய் ஒருவர், "குடிங்க சார், ஸ்கோர் தப்பாயிடப் போவுது" என்றார்.

இனி 2017. மாமா சொன்ன வருஷம்.

மஞ்சுவிரட்டு, ஜல்லிக்கட்டு எல்லாவற்றுக்கும் உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ல் தடை போட்டபோது நம் பக்கத்து எருது விடும் விழாவும் அதோடு போனது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தை பிறந்தால் குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு ஊரிலும் மாடு விடுவார்கள். 2015, 2016 இரண்டு வருஷமும் அது இல்லை. எங்களுக்கு ஆள் பஞ்சமே இல்லை. உங்கள் ஊர் அணி பதினைந்து பேரோடு வரும், நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். 2017 ஜனவரி 21 அவசரச் சட்டம் வந்தது, மாடு திரும்ப வந்தது, எங்கள் ஆட்கள் காணாமல் போனார்கள். மூன்று வருஷப் பசி. யாரைக் குறை சொல்ல? சத்துவாச்சாரியோடு நடந்த ஆட்டத்துக்குக் குடியாத்தத்திலிருந்து வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் உங்கள் மாமா ஒருவர். மீதி இரண்டு பேர் எங்கே என்று கேட்டதற்கு, "மாடு பாக்கப் போய்கினாங்க, நாங்க ஆடறோம்" என்று அவர்தான் சொன்னார்.

சத்துவாச்சாரி 83. குடியாத்தம் 82, ஒன்பது பேரில் எட்டு விக்கெட்டும் போய், கடைசி ஓவர் நான்காவது பந்தில். ஒரு ரன்னில் தோல்வி. இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட்டார்கள். கை கொடுத்துக்கொண்டார்கள். டீ குடித்தோம்.

ஸ்கோர் எழுதுகிறவன் வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பேட்ஸ்மேன் பக்கம் எல்லாருடைய ரன்னையும் கூட்டி, எக்ஸ்ட்ராவைச் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். பௌலர் பக்கம் எல்லாரும் கொடுத்த ரன்னைக் கூட்டி, அதோடு பேட்டில் படாமல் ஓடி எடுத்த, பௌலர் கணக்கில் வராத பை, லெக் பையைச் சேர்த்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். அன்று ராத்திரி பேட்ஸ்மேன் பக்கம்: 71, எக்ஸ்ட்ரா 11, ஆக 82. சரி. பௌலர் பக்கம்: 77, பை லெக் பை 6, ஆக 83.

மூன்று முறை கூட்டினேன். 83 என்றால் டை, இரண்டு பக்கமும் சமம். தோல்வி இல்லை.

தேடிப் பார்த்ததில் நான்காவது ஓவர் கடைசிப் பந்தில் அகப்பட்டது. பௌலர் கட்டத்தில் 2 என்று எழுதியிருக்கிறேன். பேட்ஸ்மேன் வரிசையில் அதே பந்துக்கு 1. மொத்த ரன்னை அடித்துக்கொண்டு வரும் கீழ் வரிசையிலும் 1. அடித்தவர் உங்கள் மாமா. மேற்குப் பக்கம் முள்ளை நோக்கி அடித்த பந்து. டூ டி என்று நினைத்து ஒரு கட்டத்தில் இரண்டு போட்டு, பிறகு ஒன்று ஓடியதைப் பார்த்து மற்றதில் ஒன்று போட்டேனா? இல்லை, முதலில் ஒன்று என்று நினைத்து எழுதி, அம்பயர் இரண்டு விரல் காட்டிய பிறகு பௌலர் கட்டத்தில் மட்டும் இரண்டு போட்டேனா? அன்று காற்று, பக்கம் படபடத்துக்கொண்டிருந்தது, கல்லைத் தேடி எடுத்து வைத்தது நினைவிருக்கிறது. பந்து நினைவில் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் கேட்டால், கஸ்பாவோடு பட்டது போதும் என்றிருந்தது. கையெழுத்தான முடிவைத் திறந்தால் சத்துவாச்சாரி விடாது. அதோடு இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஏழாவதாக வந்தால் என்ன, எட்டாவதாக வந்தால் என்ன, யாருக்கு அது முக்கியம் என்று நினைத்தேன். சீசன் முடிவில் உங்கள் அணிக்கு நான்கு புள்ளி. ஆஸ்பத்திரிப் பையன்களுக்கும் நான்கு, அவர்கள் ரன் ரேட்டில் மேலே. அந்த டைக்கு ஒரு புள்ளி கிடைத்திருந்தால் குடியாத்தம் ஏழாவது. "எப்போதும் கடைசி" என்று நான் எழுதியிருக்கவே முடியாது. தோற்கிறவர்களும் திரும்ப ஆட வேண்டும் என்று உங்கள் ஊர்க்காரர் கேட்டு ஆரம்பித்த லீக்கில், அடிமட்டத்துக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவன் நான் ஒருவன்தான்.

அடுத்த வருஷமே பையன்கள் கிரிக்ஹீரோஸ் ஆப்பைக் கொண்டுவந்தார்கள். போனிலேயே ஸ்கோர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. ஆப்பில் பேட்ஸ்மேன் பக்கமும் பௌலர் பக்கமும் முரண்பட வழியே இல்லை. ஒரு தடவை தட்டினால் இரண்டிலும் ஏறிவிடும். தப்பாகத் தட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தப்பாகும், யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொருவனும் தன் ஸ்ட்ரைக் ரேட்டைத் தினமும் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். தோற்ற அன்றுகூட, "நான் 24 அடிச்சேன்ல" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். செல்போன் லீக்கைக் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் இதைப் பார்த்ததில்லை. முன்பெல்லாம் மேட்ச் தள்ளிப்போனால் ஆம்பூருக்குத் தகவல் சொல்ல நான் படாத பாடு படுவேன். வாட்ஸப் குழு வந்த பிறகு ஒரு வரியில் முடிந்தது.

நின்றதற்குக் காரணங்கள் வேறு. 2019 நவம்பர் 28-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் தனியாகப் பிரிந்தன. மேல்விஷாரம் அங்கே, ஆம்பூர் இங்கே, நாங்கள் நடுவில். அதனால் லீக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, மூன்று மாவட்ட லீக் என்று பேனரில் போட்டுப் பெருமைப்பட்டோம். அடுத்த சீசனில் 2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. புத்தகத்தில் அன்றைய தேதி போட்டு "மேட்ச் இல்லை, அடுத்த வாரம்" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கம் வெள்ளை.

2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. 1903-ல் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பெரியவர்கள் பேசினார்கள். நீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். பிட்ச் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வாய்க்கால். முள்ளும் இல்லை, வேரோடு போயிருந்தது. 2022-ல் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அனுமதி வாங்கி ஐந்து அணியோடு பத்து மேட்ச் நடத்தினோம். சுற்றுச்சுவர், இரும்பு கேட், ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். யாருக்கும் மனசு ஒட்டவில்லை.

மைதானம் கிடைத்திருந்தாலும் ஞாயிறு கிடைத்திருக்காது. ஆரம்பித்தபோது முக்கால்வாசிப் பேருக்கு ஞாயிறு விடுமுறை: தோல் ஷெட், ஷூ கம்பெனி, பட்டறை, தறி. ஆஸ்பத்திரிப் பையன்கள் மட்டும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருவார்கள். பத்து வருஷத்தில் அதே பையன்கள், அவர்களுடைய தம்பிகள், சாப்பாடு டெலிவரிக்கும் மால் வேலைக்கும் போனார்கள். அவர்களுக்கு ஞாயிறுதான் நல்ல கலெக்‌ஷன். நன்றாக ஆடுகிற நான்கைந்து பேரைப் பரிசுப் பண டோர்னமெண்ட்காரர்கள் காசு கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கடைசிவரை அட்டவணைப்படி வந்துகொண்டிருந்தது யாரென்று பார்த்தால் குடியாத்தம்தான். பத்து சீசனில் ஒரு முறைகூட அவர்கள் வராமல் எதிரணிக்குச் சும்மா புள்ளி கொடுத்ததில்லை. கப் வாங்கிய மூன்று அணிகளும் கொடுத்திருக்கின்றன.

சரி, மாமாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மேற்குப் பக்கம் நின்ற சத்துவாச்சாரிப் பையன் அந்தப் பந்தை எடுத்து எறிந்தான், அவ்வளவு தெரியும். முள்ளுக்குள் கையை விட்டு எடுத்தானா, வெளியிலேயே கிடந்ததை எடுத்தானா? ஒரு ரன் ஓடினார்களா, ஓடாமல் நின்றார்களா? மாமா எது சொன்னாலும் அதுதான். சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தில் தேதி போட்டு ஜெராக்ஸ் அனுப்புகிறேன். இரண்டு என்றால் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். சத்துவாச்சாரி கேப்டன் இப்போது ஓசூரில் இருக்கிறார், அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

அன்புடன்